மச்சாள் என்பதற்கு ஆங்கிலம்

வெரிபீ,
12.3.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே யாவரும் நலம் என்று எழுதக் கை போய்விட்டது. யாவரும் என்றால் இப்போது நான் ஒருத்திதான். நான் நலம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் அவர் கேட்பார்.

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வியாழக்கிழமை முடிந்தது. ஐயர் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் அரியரத்தினத்தார்தான் தேவாரம் படித்தார். சாம்பலைக் கரைக்க வெரிபீ கடலுக்குப் போனோம். அது கடல் மாதிரியே இல்லை, மச்சாள். பால் போல அசையாமல் கிடந்தது. எவ்வளவு தூரம் நடந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. கடைசியில் அரியரத்தினத்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, இப்பிடியே நடந்தால் தஸ்மேனியாதான் வரும். இதிலை விடுவம்” என்றார். விட்டோம். சாம்பல் போகாமல் எங்கள் காலைச் சுற்றியே நின்றது.

செத்தவீட்டுக்கு வந்து, கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். அண்ணாவோடு வேலை செய்த தீயணைப்புப் படைக்காரர் எல்லாரும் சீருடையில் வந்திருந்தார்கள். உங்களைத் தேடினார்கள்.

நேற்று அண்ணா கனவில் வந்தார். குசினிக் கதவுக்கு வெளியே நிற்கிறார். எந்தக் கதவையும் திறக்க முதல் புறங்கையை வைத்துப் பார்ப்பாரே, அதுபோலக் கையைக் கதவில் வைத்தபடி நிற்கிறார். உள்ளே நெருப்பு இருந்தால் கதவு காட்டிக் கொடுக்கும் என்று சொல்லுவார். நீங்கள்கூட முன்பு சிரிப்பீர்கள். “வாங்கோ அண்ணா” என்று கூப்பிட்டேன். “சுடுதடி” என்றார். அப்படியே நின்றார்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. பொட்டு வைக்கிறீர்களா? அன்றைக்கு அழுத கண்ணால் உங்கள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

என்றும் உங்கள் மச்சாள்,
யோகா

•

ஸ்ட்ராத்ஃபீல்ட்,
27.3.1978

யோகாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. என் உடல்நலம் பரவாயில்லை. உமக்கு முழங்கால் வலி இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு நேரம் நின்றது நல்லதல்ல.

தீயணைப்புப் படையின் ஓய்வூதிய நிதியில் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ‘அன்புள்ள திருமதி வரதராஜா’ என்று தொடங்குகிறது. காலஞ்சென்ற என் கணவரின் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு, விதவை என்ற முறையில், நான் உயிரோடு இருக்கும்வரை எனக்குக் கிடைக்குமாம். நான்தான் அந்த விதவை என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியம் செய்து ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

எங்கள் விவாகரத்து எழுபத்தாறாம் ஆண்டு முடிந்தது. நீர் அப்போது உமது அண்ணரின் வீட்டில்தான் இருந்தீர். நிதியில் இருந்து விசாரிக்க வந்த கந்தோர்க்காரரிடம் நீர் என்ன சொன்னீர்?

இன்னொன்று. என்னை மச்சாள் என்று எழுத வேண்டாம். உமது அண்ணரின் மனைவி இப்போது நான் அல்ல.

கனவுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குளிர் தொடங்க முன் குசினி யன்னலைத் திருத்தும்.

இப்படிக்கு,
கமலினி

•

வெரிபீ,
3.4.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

முழங்கால் நலம். யன்னல் நலம். நீங்கள்தான் நலமில்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

மச்சாள் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது? அண்ணாவைக் கட்டியா எனக்கு மச்சாள் ஆனீர்கள்? நீங்கள் என் அப்பாவின் தங்கச்சிக்குப் பிறந்த பிள்ளை. நான் பிறந்த அன்றைக்கே நீங்கள் எனக்கு மச்சாள். கட்டின கலியாணத்தைக் கோட்டில் வெட்டலாம். அப்பாவையும் மாமியையும் வெட்டுவார்களா?

அந்தக் கந்தோர்க்காரரிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சாட்சிக்கு அரியரத்தினத்தார் பக்கத்துக் கதிரையில் இருந்தார். “இறந்தவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?” என்று கந்தோர்க்காரர் கேட்டார். “சிட்னியில் கமலினி” என்றேன். “அவர் உங்களுக்கு யார்?” “மச்சாள்.” மனிதருக்கு விளங்கவில்லை. அரியரத்தினத்தார் ஊரில் பிறக்கிராசியாக வழக்குப் பேசியவர் அல்லவா, வாய் சும்மா இருக்காது. “சிஸ்ரர் இன் லோ” என்று எடுத்துக் கொடுத்தார். கந்தோர்க்காரரின் முகம் வெளித்தது. “அப்படியென்றால் இவருடைய வைஃப்” என்று எழுதினார். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று கேட்காதீர்கள். ஆட்டினேன்.

அவர் போன பிறகு அரியரத்தினத்தார் என் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

“யோகா, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?”

“மச்சாளுக்கு இங்கிலீசிலை வேறை சொல்லு இருக்கோ?”

“கசின் எண்டும் சொல்லலாம்.”

“அது ஆணோ பெண்ணோ எண்டே தெரியாத சொல்லு.”

“ஓம், அதுவும் சரிதான். விடும். நாங்கள் பொய் சொல்லேல்லை. மொழிபெயர்த்தனாங்கள்.”

இனி ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த நிதியில் தங்கச்சிக்கு இடம் இல்லை. பெண்சாதிக்கும் பிள்ளைக்கும்தான் உண்டாம். வீட்டுக் கடனை அண்ணாவின் சம்பளம்தான் கட்டியது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூலியில் நான் எத்தனை மாதம் தாங்குவேன்? தமிழரை அடித்த போன ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்குப் போகச் சொல்லி நீங்களும் சொல்லமாட்டீர்கள். நீங்கள் ஒரு ஒப்பம் வைத்து அந்தக் காசை அனுப்பினால் இந்த வீடு நிற்கும். வைக்காவிட்டால் நான் ரோட்டில் நிற்பேன்.

உங்கள் சம்மதம் இல்லாமலே உங்கள் மச்சாள்,
யோகா

•

ஸ்ட்ராத்ஃபீல்ட்,
30.4.1978

யோகாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலமாகவே இருக்கிறேன். நீர் வேலைக்குப் போகும்போது கம்பளிச் சட்டை போடும்.

உமது தலையாட்டலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பாடம் படித்தாயா என்று மாமா கேட்டாலும், மாங்காய் களவெடுத்தாயா என்று கேட்டாலும் அந்த ஒரே ஆட்டம்தான்.

நிதியின் விதியை வாசித்தேன். அவர் இறந்த நாளில் சட்டப்படி யார் அவருடைய மனைவியோ அவர்தான் விதவை. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது கணக்கில் இல்லை. எப்படிப் பிரிந்தார்கள் என்பதும் இல்லை. விவாகரத்தின்போதும் இதே கதைதான். இது யாருடைய குற்றம் என்று கேட்பார்கள் என்று எண்ணிப் போனேன். புதிய சட்டத்தில் அந்தக் கேள்வியே இல்லை. ஒரு வருடம் பிரிந்து இருந்தீர்களா என்றார்கள், ஆம் என்றேன், முடிந்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிட்னியில் வேலை கிடைத்தது, வந்தேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை.

நான் தாளில் ஒட்டிய உலர்ந்த செடிகளோடு வேலை செய்கிறவள். ஒரு செடிக்கு வைத்த பெயர் பிழை என்று தெரிந்தால் புதிய பெயரை எழுதி ஒட்டுவோம். பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. அது அதே தாளில், பக்கத்திலேயே இருக்கும். இதை ஏன் உமக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நிதிக்கு இன்னும் பதில் போடவில்லை. யோசிக்க வேண்டும்.

கமலினி

•

வெரிபீ,
9.5.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நான் கம்பளிச் சட்டை போடுகிறேன். அண்ணாவுடையது. இன்னும் புகை மணக்கிறது, தோய்க்கவில்லை.

போன ஞாயிறு அண்ணாவின் நிலையத்துத் தலைவர் வந்தார். நல்ல மனிதர். தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மிஸஸ் ராஜா எப்படி இருக்கிறார்?” என்று உங்களைத்தான் கேட்டார். அண்ணாவை அவர்கள் ராஜா என்றுதான் கூப்பிடுவார்களாம். நீங்கள் சிட்னியில் பெரிய வேலை, உலகத்தில் இருக்கிற செடி எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்தவர் என்று அண்ணா எப்போதும் சொல்லுவாராம். வெடிப்பில் முளைத்த புல்லைப் பார்த்தாலும், “இதை என்ரை மனுசியிட்டைக் கேட்டால் ஒரு நிமிசத்திலை சொல்லுவா” என்பாராம். போன கிறிஸ்மஸ் விருந்திலும் சொன்னாராம்.

போன கிறிஸ்மஸ், மச்சாள். விவாகரத்து முடிந்து எவ்வளவு காலம். அவர்களுக்கு அண்ணா சொல்லவே இல்லை. நானும் அந்த மனிதருக்குச் சொல்லவில்லை. இன்னும் ஒரு பிஸ்கட் எடுங்கோ என்றேன்.

முன் கதவுக்குப் பின்னால் உங்கள் கறுப்புக் குடை நீங்கள் விட்ட இடத்திலேயே தொங்குகிறது. எத்தனை மழையில் நான் நனைந்து பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். “அதை எடாதை, ஆக்கள் வந்து கேப்பினம்” என்பார் அண்ணா. எந்த ஆட்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அண்ணாவே உங்களை மனுசி என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். நீங்கள் ஒரு தடவை ஓம் என்று சொன்னால் அது பொய்யா? யோசியுங்கோ. வங்கியில் இருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும் மச்சாள்,
யோகா

•

வெரிபீ,
18.6.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமோ? ஒரு வரி எழுதக்கூட முடியாத அளவுக்கு என்ன வருத்தம்? போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

இங்கே காலையில் ஒரே பனிப்புகார். பூக்கோவாத் தோட்டங்கள் தெரிவதில்லை. பூக்கோவாக்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாக, யாரோ தலைகளை நிலத்தில் வைத்துவிட்டுப் போனது போல. பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் புகாருக்குள் அண்ணா குழாயை இழுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனால் தண்ணீர் பாய்ச்சும் இத்தாலிக்காரர். “குட் மோர்னிங்” என்றார். நான் அழுதேன். பாவம், அந்த ஆள் பயந்துவிட்டார்.

கனவில் அண்ணா இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

எழுதுங்கோ.

மச்சாள், யோகா

•

ஸ்ட்ராத்ஃபீல்ட்,
10.7.1978

யோகாவுக்கு,

நோய் ஒன்றும் இல்லை. உமது மே மாதக் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். அதற்குப் பதிலாக எதை எழுதத் தொடங்கினாலும் சரியாக வரவில்லை.

சென்ற சனிக்கிழமை லிட்கமுக்குப் போனேன். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் சமாதான நீதவான். ஒப்பமிடத்தான் போனேன். இதை நீர் அறிந்திருக்க வேண்டும். அவர் யாருக்கோ இருமல் மருந்து கலந்துகொண்டிருந்தார், என்னை யன்னலோரம் இருக்கச் சொன்னார். பனிக்கால வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. நான் உறங்கவில்லை. விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. வெரிபீ வீட்டின் பின் படியில் உமது அண்ணர் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று விழுந்தது. மற்றது விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. பக்கத்தில் புகை மணந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது, எப்படித் தெரிந்தது என்று சொல்லத் தெரியாது.

கடைக்காரர் கூப்பிட்டார். நான் செய்ய வேண்டிய சத்தியத்தை உரத்து வாசித்தார். “நீங்கள்தானே இந்த வரதராஜாவின் மனைவி?” என்று கேட்டார். என் தலை ஆடத் தொடங்கியது, யோகா. உமது தலை ஆடுவது போலவே, ஓமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு பேனையை நீட்டினார். நான் தலையைப் பிடித்து நிறுத்துவது போல நிறுத்தி, “இல்லை” என்றேன். “நாங்கள் விவாகரத்துச் செய்தவர்கள்.” கடைக்காரர் பேனையை மெதுவாக மூடினார்.

அவர் தன் நிலையத்தில் அப்படிச் சொன்னது அவருடைய விருப்பம். யாரும் கேட்காமல், எதையும் எதிர்பார்க்காமல் சொன்ன சொல். அதை நான் சத்தியம் பண்ணி விற்க முடியாது. சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்யவில்லை. விற்றால் என்னிடம் அது இருக்காது.

உண்மையை நிதிக்கு அன்றே எழுதி அனுப்பிவிட்டேன். இதனால் உமக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

கமலினி

•

வெரிபீ,
20.7.1978

திருமதி கமலினி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நிதிக் கந்தோரில் இருந்தும் கடிதம் வந்தது. விதவை யாரும் இல்லை என்று முடித்துவிட்டார்களாம். அரியரத்தினத்தார், நடந்தது மொழிபெயர்ப்புத் தவறு என்று மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வயதில் அவருக்கு அது தேவையில்லாத வேலை.

வீடு விலைக்குப் போட்டாயிற்று. வாசலில் பலகை நட்டிருக்கிறார்கள்.

தங்கள் குடையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இனி அதைக் கேட்டு இந்த வீட்டுக்கு ஆட்கள் வரத் தேவையில்லை.

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனம் இல்லை.

செல்வி யோகா

•

ஸ்ட்ராத்ஃபீல்ட்,
27.8.1978

அன்புள்ள மச்சாள்,

நீ ஆடியில் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீ என் பதிலை எதிர்பார்த்திருப்பாய் என்றும் நான் நினைக்கவில்லை. சாப்பிடுகிறாயா? சலவைக் கூடத்தின் ஈரத்தில் முழங்கால் என்ன பாடுபடுத்துகிறது? இவற்றை உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

குடை வந்தது. அறைக்குள் வைத்து விரித்தேன். ஒரு கம்பியும் துருப்பிடிக்கவில்லை. யாரோ எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள். அது நீ அல்ல என்று எனக்குத் தெரியும்.

நிதிக்காரர் கடைசியாக ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். நான் விதவை இல்லை என்றால் தங்கள் பதிவில் என்னை இறந்தவருக்கு என்ன உறவு என்று குறிப்பது என்று கேட்டார்கள். கசின் என்று எழுதினேன். அது ஆணோ பெண்ணோ என்று தெரியாத சொல், நீ சொன்னது சரி. வெட்டினேன். ஆங்கில எழுத்தில் ‘மச்சாள்’ என்று எழுதி, இதற்கு உங்கள் மொழியில் சொல் இல்லை என்று கீழே குறித்து அனுப்பினேன். கலியாணத்துக்கு முன்பும் நான் அவருக்கு அதுதான். நீ ஏப்ரலில் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

எனக்குக் கனவு வருவதில்லை என்று எல்லாரிடமும் சொல்லுவேன். சென்ற கிழமை வந்தது. உன் பால் போன்ற கடலில் மச்சான் நடந்து போகிறார். சின்ன வயதில் கூப்பிட்டது போல “மச்சான்” என்று கூப்பிட்டேன். திரும்பினார். தண்ணீர் அவருக்கு முழங்கால் வரைதான். “ஆழம் வருமோ?” என்று கேட்டேன். “வராது. நீ பயப்பிடாமல் வா” என்றார். ஒரு நாளும் அவர் என்னை வா என்று சொன்னதில்லை. கனவில்தான் சொன்னார், அதனால் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆனாலும் உனக்கு எழுதுகிறேன்.

யோகா, நிதியில் உனக்கு இடம் இல்லை என்றார்கள். என் வீட்டில் முன் அறை இருக்கிறது. காலை வெயில் படும். லிட்கமில் உள்ள ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஆள் எடுப்பார்களா என்று போய் விசாரித்தேன். எடுக்கிறார்கள். உன்னை இரங்கிக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. இங்கே குடை விரிக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

நேற்று வேலையால் வந்து, திறப்பைப் போட முதல், என் கை தானாகப் போய்க் கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தது. பலகை குளிர்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் எரியவில்லை.

வா.

உன் மச்சாள்,
கமலினி

•

வெரிபீ,
6.9.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

நலம் விசாரிக்க மனம் திரும்பி வந்துவிட்டது. சுகமோ?

உங்கள் கடிதத்தை அரியரத்தினத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். “நில்லும், நில்லும். நீர் எண்டு எழுதுறவ இப்ப நீ எண்டு எழுதியிருக்கிறா” என்று கண்ணாடியைப் போட்டுத் தானே பார்த்தார். பிறகு, “அப்ப உமக்கு விசா கிடைச்சிட்டுது. வெளிக்கிடும்” என்றார்.

வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டது. சாமான் அதிகம் இல்லை. அண்ணாவின் கம்பளிச் சட்டையைத் தோய்க்காமல் கொண்டு வருவேன், நீங்கள் தும்மக் கூடாது. அண்ணா இப்போது என் கனவில் வருவதில்லை. அங்கே வந்துவிட்டார் போல.

இந்த மாதக் கடைசி வெள்ளி பின்னேர ரயிலில் ஏறுகிறேன். சிட்னியில் விடியும். மழை என்றால் குடையோடு வாருங்கோ.

மார்ச் மாதத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் இன்றுவரை பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டாம். ஸ்டேசனில் காலை வெளிச்சம் இருக்கும்தானே. நானே உங்கள் நெற்றியைப் பார்த்துக்கொள்கிறேன்.

போட்டு வாறன் என்று இந்த வீட்டுக்குச் சொல்லிவிட்டு,
உங்கள் மச்சாள்,
யோகா